இரவல் வாயும் சொந்தப் பெயரும்

கேள்வி: தேர்தல் மேடைக்கு உரை எழுதிக் கொடுத்தவர் பிறகு பத்திரிகையில் பத்தி எழுதினால் அவரை நம்பலாமா ஐயா? வெளிநாடுகளில் இப்படி யாராவது இருந்திருக்கிறார்களா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நம்பலாம் தம்பி. ஆனால் அவர் முன்பு யாருக்கு எழுதினார் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வில்லியம் சஃபையரைச் சொல்கிறேன். ஜனாதிபதி நிக்சனுக்கு உரை எழுதியவர். மனிதன் நிலவில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, 1969 ஜூலை 18 ஆம் திகதி, அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். போனவர்கள் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட நேர்ந்தால் ஜனாதிபதி வாசிக்க வேண்டிய இரங்கல் உரை அது. உரைக்கு முன்பே அவர்களின் மனைவியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், தொடர்பைத் துண்டிக்கும்போது கடலில் உடலை அடக்கும் முறைப்படி மதகுரு பிரார்த்திக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு எழுதிய அந்த இரங்கலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நல்லவேளை, அதை வாசிக்கும் தேவை வரவில்லை.

அதே கைதான் 1970இல் துணை ஜனாதிபதி அக்னியூவுக்காக, குறை சொல்வோரைச் சாடி, மோனை தெறிக்கும் ஒரு வசவையும் எழுதியது. நம் மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி உடனே பிடிபடும்.

1973இல் அவர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குப் பத்தி எழுத வந்தார். நிக்சனின் ஆள் இங்கே எதற்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த வெள்ளை மாளிகையே தன் தொலைபேசியையும் ஒட்டுக்கேட்டிருந்தது என்பதை அறிந்தபோது அவர் கொதித்துப்போனார். தனிமனித அந்தரங்கத்துக்காக ஆயுள் முழுக்க எழுதினார். 1978இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. அரசியல் பத்தி 2005 வரை ஓடியது. சறுக்கலும் உண்டு: செப்டம்பர் 11 தாக்குதலுக்கும் ஈராக்குக்கும் தொடர்பு உண்டென்று அவர் விடாமல் எழுதியதை விசாரணைக் குழு ஏற்கவில்லை. ஆனால் 1979 முதல் 2009இல் இறக்கும் வரை எழுதிய மொழிப் பத்தியில், தன் பிழையைச் சுட்டிய வாசகர் கடிதங்களை அவரே வெளியிட்டார். பத்தி எழுத்தாளரை நம்ப எனக்கு இந்தக் குணம்தான் வேண்டும்.

கேள்வி: நீங்கள் யாருக்காவது உரை எழுதியதுண்டா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்டு அம்மா, ஒரேயொரு முறை. இளவயதில், வடகொழும்பில் ஒரு வேட்பாளருக்கு. மண்டபத்தின் பின்சுவரோரம் நின்று கேட்டேன். மொழிப் பெருமையைப் பேசிய வரிக்குக் கைதட்டல் அதிர்ந்தது. அடுத்த பந்தி, ஒரு தோட்டத்து (நெருக்கமான நகரக் குடியிருப்பு) முடுக்கில் நாற்பது வீட்டுக்கு ஒரே பொதுக்குழாய் இருப்பதைப் பற்றியது. அதற்காக அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு வாளிகளோடு வரிசையில் நின்று எண்ணிப் பார்த்திருந்தேன். அவர் தாளைப் புரட்டினார், அந்தப் பந்தியைத் தாண்டினார். எழுந்து நின்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அது அவருடைய உரை.

அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்தக் குழாயைப் பற்றி என் பெயரில் எழுதினேன். இதே வேட்பாளருக்கு உரை எழுதியவன் நான் என்பதையும் முதல் வரியிலேயே சொன்னேன்.