இறக்குமதி வரி 20% கூடினால் பழத்தின் விலையும் 20% கூடுமா?

பெரும்பாலும் அவ்வளவு கூடாது. கடை விலைக்கு அல்ல, பொதுவாகச் சரக்கு நாட்டுக்குள் வந்து இறங்கும்போது அதற்கு உள்ள மதிப்புக்குத்தான் வரி. 100க்கு வந்து இறங்கும் பெட்டி குளிர்பதனக் கிடங்கு, லாரி வாடகை, அழுகல், இடைத்தரகர் லாபம் எல்லாம் சேர்ந்து 250க்கு விற்கிறது என்று வையுங்கள். 20% வரி கூடினால் ஏறுவது 20. கடை விலையில் அது 8%தான். வியாபாரிகள் லாபத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

சரி, வரி குறைந்தால்? லத்தீன் அமெரிக்க வாழைப்பழத்துக்கு டன்னுக்கு 176 யூரோவாக இருந்த வரியை 114 ஆகப் படிப்படியாகக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஒப்புக்கொண்டது. பல்லாண்டு வழக்குகளுக்குப் பிறகு வந்த இந்தக் குறைப்பு, கிலோவுக்குப் பார்த்தால் சுமார் 6 சென்ட். இவ்வளவு சின்னத் தொகையை நடுவில் இருப்பவர்களே எடுத்துக்கொள்வது எளிது.

உள்நாட்டில் விளையும் பழமா என்பதுதான் முக்கியமான கேள்வி. விளைந்தால், வெளிநாட்டுப் போட்டி குறையும்போது வரியே கட்டாத உள்ளூர்ப் பழமும் விலை ஏறும். பலர் கவனிக்காதது இது. விளையாவிட்டால் வரியால் காப்பாற்ற உழவர் யாருமில்லை, வாங்குபவருக்குச் சுமை மட்டும்தான். அமெரிக்கா 2025 ஏப்ரலில் போட்ட கூடுதல் வரியிலிருந்து வாழைப்பழத்துக்கு நவம்பரில் விலக்கு கொடுத்தது. அங்கே வாழை விளைவது மிகக் குறைவு.

அப்புறம், பூச்சி, நோய் காரணம் காட்டி விதிக்கும் தடை. அது வந்துவிட்டால் வரி பூஜ்யமாக இருந்தும் பழம் உள்ளேயே வராது.