ஆலோசனை நிறுவன வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

பெரிய பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த நிறுவனம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: ஒரே நிறுவனத்தை ஒருவர் புகழ்கிறார், இன்னொருவர் திட்டித் தீர்க்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும்தான். டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கும் வெளியிலிருந்து பார்க்கத்தான் ஒரே நிறுவனம். உள்ளே நாட்டுக்கு நாடு தனித்தனி உறுப்பு நிறுவனங்கள். பெரும்பாலும் அந்தந்த ஊர் பார்ட்னர்களே முதலாளிகள். பெயர்ப்பலகை ஒன்று, சமையலறை வேறு. அக்சென்ச்சர் அப்படியல்ல, 2001லேயே பங்குச்சந்தைக்கு வந்துவிட்டது. அங்கே காலாண்டுக் கணக்கின் சூடு கீழ்மட்டம்வரை தெரியும். அதனால் கருத்து எழுதியவர் எந்த நாடு, எந்தப் பிரிவு, எந்தப் படி என்று முதலில் பாருங்கள். தணிக்கைக்காரரின் புலம்பலைப் படித்துவிட்டுத் தொழில்நுட்பப் பிரிவு வேலையை வேண்டாம் என்று சொன்னவரை எனக்குத் தெரியும். இன்னொன்று, நீங்கள் தினமும் முகம் பார்க்கப்போவது ஏழெட்டுப் பேரைத்தான். மேனேஜர் மாறினாலே கம்பெனி மாறின மாதிரி.

கேள்வி: சம்பளம் எவ்வளவு தருவார்கள்?

பதில்: நாடும் பதவியும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆறு வாரமாக பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல், இருக்கிறேன். வேலை போய்விடுமா?

பதில்: ஆறு வாரத்துக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். வாரம் 40 மணியில் 32 மணி கிளையன்டுக்கு பில் ஆனால் உங்கள் யுடிலைசேஷன், அதாவது காசாகும் நேரத்தின் பங்கு, 80 சதவீதம். பெஞ்சில் அது கரைந்துகொண்டே வரும். முன்பு கூட வேலை பார்த்தவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள், புது ப்ராஜெக்ட் பிடிக்க எழுதும் ப்ரபோசல் வேலைக்குக் கை கொடுங்கள். ஆள் ஒதுக்கும் குழுவின் மெயிலுக்குக் காத்திருப்பவருக்கு யாரும் தொடாத ப்ராஜெக்ட்தான் மிஞ்சும். அப்புறம், எந்த வேலைக்கு எத்தனை மணி என்று பதியும் டைம்ஷீட்டில் பொய் எழுதாதீர்கள்.

கேள்வி: “மேலே ஏறு, இல்லையேல் வெளியேறு” என்பது இன்னும் இருக்கிறதா?

பதில்: குறித்த காலத்தில் பதவி உயர்வு வாங்கு, இல்லையென்றால் கிளம்பு என்பதுதானே? இருக்கிறது. உத்திசார் ஆலோசனையில் கறாராக, தொழில்நுட்பப் பிரிவுகளில் தளர்வாக. நியூயார்க்கின் க்ரவாத் வழக்கறிஞர் நிறுவனத்தில் வேரூன்றிய பழக்கம் அது. ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி 1950களில் எடுத்துக்கொண்டது. நடுப்படியில் இருப்பவர் நகராவிட்டால் கீழே இருப்பவருக்கு இடமில்லை, அவ்வளவுதான் கணக்கு. வெளியேறியவர் நாளை கிளையன்டாகத் திரும்பி வரலாம் என்பதால் பெரும்பாலும் மரியாதையாகவே அனுப்புவார்கள்.

கேள்வி: வாரம் 55 மணி நேரம் உழைக்கிறேன். டைம்ஷீட்டில் 40க்கு மேல் எழுதாதே என்கிறார் மேனேஜர்.

பதில்: எழுதுங்கள்! இந்த வேலை 40 மணியில் முடிந்தது என்று பதிவானால், அடுத்த ப்ராஜெக்டின் பட்ஜெட்டையும் அந்த 40ஐ வைத்துத்தான் போடுவார்கள். நீங்கள் மறைத்த 15 மணி நாளைக்கு இன்னொருவர் தலையில் விடியும்.

கேள்வி: நானும் மேனேஜர்தான் சார். மொத்தமாக இவ்வளவு என்று விலை பேசி ஒப்புக்கொண்டது பார்ட்னர். மணி கூடினால் லாபம் குறைந்ததற்கு என்னைத்தான் கேட்பார்கள். அறிவுரை சுலபம்.

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். ஒரு முறை மறைத்தேன். அடுத்த வருடம் அதே கிளையன்ட், அதே விலை, ஆனால் ஒரு ஆள் குறைவு. போன தடவைதான் சமாளித்தீர்களே என்றார் பார்ட்னர். என் பொய்யே எனக்குச் சாட்சி.

கேள்வி (அதே மேனேஜர்): உண்மையை எழுதியிருந்தால் அந்த ப்ராஜெக்டே உங்களுக்கு வந்திருக்காது.

பதில்: வராமலே போயிருந்தால் நல்லதுதான். அந்த ப்ராஜெக்டில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். நல்ல பிள்ளைகள்.

கேள்வி: விசா கிடைக்குமா?

பதில்: குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: புதிதாகச் சேருபவருக்குச் சம்பளம் எவ்வளவு?

பதில்: மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. மேனேஜர் சார், நீங்கள் போகாதீர்கள். இந்த வாரம் உங்கள் ஆட்கள் எத்தனை மணி எழுதினார்கள்?