எம்.ஆர்.ஐ. நார்மல், ஆனாலும் வலிப்பு நோயா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை, காய்ச்சல் எதுவும் இல்லாமலே, வலது கை வெட்டி வெட்டி இழுத்து நினைவு தப்பியது. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டரோ வலிப்பு நோய்தான், மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். வலிப்பு நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது ஸ்கேனின் வேலை இல்லை. காய்ச்சல், சர்க்கரை குறைவு, தலையில் அடி போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்தாலே அது வலிப்பு நோய்தான். கண்ணால் பார்த்த நீங்கள் சொல்லும் விவரம்தான் இதில் முக்கியச் சாட்சி. அடுத்த முறை வந்தால், பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, இன்னொருவரை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எந்த வகை வலிப்பு என்பதற்கு, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை உதவும்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. எதற்கு? ஏன் வருகிறது என்று தேடத்தான். தழும்பு, கட்டி, பிறவியிலேயே மூளை மடிப்பில் உள்ள கோளாறு போன்றவை அதில் தெரியும். எதுவும் தெரியாத குழந்தைகளும் ஏராளம். மரபணுக் காரணங்கள் பெரும்பாலும் படத்தில் வராது.

உங்கள் மகனுக்கு ஒரு பக்கக் கையில் இழுத்ததால் ஸ்கேன் எடுத்தது சரியான முடிவு. ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: அது வலிப்புக்கென்றே உள்ள முறையில், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுக்கப்பட்டதா? சாதாரண ஸ்கேனில் மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) சின்னக் கோளாறுகள் எளிதில் தப்பிவிடும். அனுபவமுள்ளவர் அதே படத்தை மறுபடி பார்த்தால் சில சமயம் அகப்படும். அதனால் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் (CD) வாங்கி வைத்திருங்கள். (2 வயதுக்குள் எடுத்த ஸ்கேன் என்றால், மூளை இன்னும் முதிராத பருவம் என்பதால், பிறகு மீண்டும் எடுக்க வேண்டி வரலாம். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

சி.டி. ஸ்கேனும் (CT) எடுத்துப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால், இப்போது தேவையில்லை. கதிர்வீச்சு உண்டு, அவசர நேரத்துக்குத்தான் அது ஏற்றது.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். புதிய எம்.ஆர்.ஐ., மூளையில் சர்க்கரை குறைவாகச் செலவாகும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன், அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு எல்லாம் அப்போது வரும். அதற்காக இப்போது மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.