ஸ்கைரிம் கேமில் மாட் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்கள்) போட ஆசை. கேம் கெடாமல் எப்படித் தொடங்குவது?

உங்களிடம் இருப்பது கணினிக்கான ஸ்பெஷல் எடிஷன் பதிப்பு என்று வைத்துச் சொல்கிறேன். கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே இன்ஸ்டால் செய்து, மாட் எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 என்ற மென்பொருளைப் போடுங்கள். கேமின் டேட்டா ஃபோல்டரில் மாட் ஃபைல்களை நேரடியாகக் கொட்டவே வேண்டாம். மாட் ஆர்கனைசர் ஒவ்வொரு மாடையும் தனி ஃபோல்டரில் வைத்து, கேம் ஓடும்போது மட்டும் டேட்டாவில் இருப்பதுபோல் காட்டும். ஒரு மாட் வேண்டாமென்றால் அதன் டிக்கை எடுத்தால் போதும், மூலக் கேம் அப்படியே இருக்கும்.

பல மாட்களுக்கு எஸ்கேஎஸ்இ (கேமின் ஸ்கிரிப்ட் வசதிகளை விரிவாக்கும் துணை நிரல்) வேண்டும். அது கேம் பதிப்போடு சரியாகப் பொருந்த வேண்டும். அதனால் ஸ்டீமில் அப்டேட்டை ‘கேமைத் தொடங்கும்போது மட்டும்’ என மாற்றிவிட்டு, கேமை ஸ்டீமில் இருந்து தொடங்காமல், எஸ்கேஎஸ்இ-யை மாட் ஆர்கனைசர் வழியாகவே ஓட்டுங்கள்.

ஸ்கிரிப்ட் (கேமுக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ள மாடைப் பாதி ஆட்டத்தில் தயவுசெய்து நீக்காதீர்கள். அதன் மிச்சம் சேவ் ஃபைலிலேயே தங்கிவிடும். பல மணி நேரம் கழித்துக்கூடச் சிக்கல் வரலாம். நீக்கியே ஆகவேண்டுமா? அதைப் போடுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புங்கள்.