பழைய பிரையர் மரப் புகையிலைப் பைப்பில் ஸ்டெம் (வாயில் வைக்கும் குழல்) கழலவில்லையா?

கொறடு வேண்டவே வேண்டாம், ஸ்டெம் உள்ளேயே முறிந்துவிடும். பைப்பைப் பாலித்தீன் பையில் சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் புகையிலை அடைக்கும் கிண்ணத்தைப் பிடிக்காமல், ஸ்டெம் செருகியிருக்கும் மரக்காம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டெம்மை மெல்லத் திருகுங்கள். குளிரில் ஸ்டெம்மின் வல்கனைட் (கெட்டி ரப்பர்) மரத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். 'கிர்ர்' என்று வந்துவிடும்.

அநேகமாகப் பழைய தார் காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஸ்டெம் நுனி வழியே விட்டுப் பாருங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தால் அதேதான். வெளி மரத்தில் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது, சாயம் போய்விடும்.

அப்புறம், அது 'கேவூடி' (Kaywoodie) பிராண்டின் பழைய பைப்பா என்று பெயரைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் ஸ்டெம் மரையில் ஏறியிருக்கும், இடப்பக்கமாகச் சுற்றித்தான் கழற்ற வேண்டும். மீர்ஷாம் (வெண்ணிற மென்கல்) பைப்பாக இருந்தால் ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள்.