ஒரே வளவு, வேற வேற அடுப்பு: அப்பாவுக்கப்புறம் கூட்டுக்கடை

காரைக்குடிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "1994-ல அப்பாவும் சித்தப்பாவும் பாதிக்குப் பாதின்னு பார்ட்னர்ஷிப் போட்டு ஆரம்பிச்ச ஹார்டுவேர் கடை, தேவகோட்டைல ஒரு பிராஞ்ச் இருக்கு. போன வருஷம் அப்பா தவறிட்டாங்க. சித்தப்பாதான் நடத்துறாரு. அவர் மகன் ஆறு வருஷமா கல்லால ஒக்காந்திருக்கான், சம்பளம் கிடையாது, வேணும்ங்கறப்ப எடுத்துக்குவான். நான் பெங்களூர்ல ஐடில இருக்கேன், திரும்பி வரலாமான்னு யோசனை. பொன்னமராவதில கட்டிக்குடுத்த தங்கச்சி, இதுல எனக்கென்னன்னு கேக்குறா. ஃப்ரெண்டு ஒருத்தன் ஃபேமிலி கவுன்சில் போடு, பிரைவேட் லிமிடெட் ஆக்குங்கறான். எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?"

தம்பி, கவுன்சிலெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த 1994 பத்திரத்த தேடி எடுங்க. பார்ட்னர்ஷிப் சட்டம் 1932, 42-வது பிரிவுப்படி ஒரு பங்காளி இறந்தா ஃபர்ம் கலைஞ்சிரும், வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. "இருக்கறவங்க தொடர்ந்து நடத்தலாம்"னு உங்க பத்திரத்துல ஒரு வரி இருக்கும், எல்லாப் பத்திரத்துலயும் டைப் அடிப்பாங்க, ஆனா மொத்தமே ரெண்டு பேருன்னா அந்த வரி கைகுடுக்காது, ஒத்த ஆளா நின்னு பார்ட்னர்ஷிப் நடத்த முடியாதுல்ல, சுப்ரீம் கோர்ட்டே இத 1965-ல சேட் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்குல சொல்லிருச்சு. புதுப் பத்திரம் போட்டு யாரையும் சேக்கலேன்னா அப்பா போன நாள்லேர்ந்து அது சித்தப்பாவோட தனிக்கடை. பழைய ஃபர்மோட பான், ஜிஎஸ்டிலயே பில் போட்டுட்டிருந்தா இந்த வாரமே ஆடிட்டர்ட்ட போங்க, தனிக்கடைக்கு ஜிஎஸ்டி புதுசா எடுக்கணும்.

இதுக்காக சித்தப்பா மேல பாய வேண்டாம், அவருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா 37-வது பிரிவத் தெரிஞ்சு வச்சுக்கங்க. கணக்கு முடிக்காம அப்பா முதலையும் வச்சு கடை ஓடுற வரைக்கும், அந்த முதலால வந்த லாபத்துல பங்கா, இல்ல வருஷத்துக்கு 6 சதவீதம் வட்டியா, எது வேணும்னு வாரிசுகளே தேர்ந்தெடுத்துக்கலாம், பத்திரத்துல வேற மாதிரி எழுதலேன்னா. யாரு வாரிசு? உயில் இல்லேன்னா அம்மா, நீங்க, தங்கச்சி, அப்பத்தா இருந்தா அவங்களும், எல்லாருக்கும் சரிசமம். சீர் செஞ்சாச்சு, வைரம் போட்டாச்சுன்னு சொல்லி தங்கச்சி கணக்கக் கழிக்க முடியாது, ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சுங்கறதும் இங்க செல்லாது. பள்ளத்தூர்க்காரங்க முருகப்பா குழுமத்துல, அந்தக் குடும்பத்து மகள் வள்ளி அருணாசலம் போர்டுல எடம் கேட்டு, 2020-ல ஓட்டுல தோத்து, 2023-லதான் சமாதானம் ஆச்சு. அவ்வளவு பெரிய எடத்துலயே அத்தன வருஷம் இழுத்துச்சு. தங்கச்சி வாய்விட்டு கேக்குறது நல்லதுதான், கேக்காம மனசுல வச்சிருந்தாதான் பயப்படணும்.

இப்ப உங்க தம்பிமுறைக்காரன், அதான் சித்தப்பா மகன். உண்மையான சிக்கல் இதுலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் பெரிய வீட்டுல மகனுக்குக் கல்யாணமானா வேறு வச்சிருவாங்க, அதே வளவு (வீட்டு உள்முற்றம்), அதே முகப்பு, ஆனா அடுப்பு தனி, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி இவ்வளவு செலவுன்னு அளந்து குடுத்துருவாங்க. சண்ட போட்டுப் பிரியறது கிடையாது அது, சண்ட வராம இருக்கத்தான். நம்மாளுங்க அந்தக் காலத்துல நடத்துன பர்மா, மலாயா கடைகள்லயும் அதே புத்திதான், கத்துக்குற பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல அடுத்தாள், கடைய நடத்துற மேலாள்னு படி இருந்துச்சு, மேலாளுக்கு மூணு வருஷக் கணக்கு, சம்பளம் தனி, முதல் போட்டவருக்கு லாபம் தனி, வீட்டுப் பொம்பளைங்க, ஆச்சிமார் போட்டு வச்ச பணத்துக்கு வட்டி தனி. உங்க கடைல இது மூணும் ஒரே கல்லாப்பெட்டில கலந்து கெடக்கு. அவன் ஆறு வருஷம் எடுத்தது சம்பளமா, அவங்கப்பா லாபத்துலேர்ந்து எடுத்ததா, கடனா? யாருக்கும் தெரியாது, அதனாலதான் நீங்க அதிகம் எடுத்துட்டான்னு நெனைப்பீங்க, அவன் ஓசில ஒழைச்சேன்னு நெனைப்பான், ரெண்டு பேரும் பொய் சொல்லல.

ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போடுறப்ப அவனுக்கு ஒரு மேனேஜர் சம்பளத்த மாசக் கணக்கா எழுதி, எடுத்தத அதுல கழிங்க. நீங்க வந்து ஒக்காந்தாலும் இதே அளவுகோல்தான், பெங்களூர் சம்பளத்த இங்க கேக்கக்கூடாது, கல்லாவத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தேவகோட்டை பிராஞ்ச்ல கொள்முதல் பாருங்க, அவன் உங்களுக்கு மேலாளா இருந்தாலும் சரி. கஷ்டமாத்தான் இருக்கும்.

கம்பெனியா, எல்எல்பியா (பங்காளிங்க பொறுப்புக்கு வரம்பு இருக்கற பார்ட்னர்ஷிப்) ங்கறது இதுக்கப்புறம். உங்க அளவுக்கு எல்எல்பி போதும்னு நான் சொல்வேன், ஆளு செத்தாலும் அது கலையாது, வெறும் பங்கு மட்டும் வச்சிக்கிறவங்களா அம்மாவும் தங்கச்சியும் இருக்கலாம். கம்பெனிதான்னு முடிவெடுத்தா ஒண்ண மறந்துராதீங்க: குடும்பமா ஒக்காந்து பேசுனது ஆர்ட்டிகிள்ஸ்ல, அதான் கம்பெனியோட உள்விதிகள்ல, ஏறணும். ரங்கராஜ் வழக்குன்னு ஒண்ணு, அண்ணன் தம்பி ரெண்டு கிளை, அந்தந்தக் கிளை ஷேர் அந்தந்தக் கிளைக்குள்ளயே இருக்கணும்னு பேச்சு, ஆர்ட்டிகிள்ஸ்ல எழுதல, ஒருத்தர் அடுத்த கிளைக்கு வித்துட்டாரு, வித்தது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆர்ட்டிகிள்ஸ்ல ஏத்தாம, குடும்ப விதிகள ஃபேமிலி கான்ஸ்டிட்யூஷன்னு அழகா பைண்ட் பண்ணி வைக்கிறதுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

மத்தபடி மூணு மாசத்துக்கு ஒருதடவ ஐந்தொகைய நடுவுல வச்சு ஒக்காருங்க, தங்கச்சியும் ஃபோன்லயாவது வரணும், கல்யாண வீட்டுலயும் கோவில் படைப்புலயும் கடைப் பேச்சு கூடாது. இவ்வளவு ரூபாய்க்கு மேல செலவுன்னா ரெண்டு கிளையிலயும் கையெழுத்துன்னு ஒரு வரம்பு வைங்க. முட்டிக்கிட்டா யாருகிட்ட போறதுன்னு ஒரு பேர இப்பவே எழுதுங்க, ரெண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இல்லாத ஆளா இருக்கட்டும்.

இன்னொண்ணு, கடைக் கட்டடம் யாரு பேர்லன்னு நீங்க சொல்லவே இல்ல. ஃபர்ம் சொத்தா, அப்பா பேரா, ஐயா (அப்பாவோட அப்பா) காலத்து எடமா? ஐயா எடம்னா அதுல சித்தப்பா மட்டுமில்ல, உங்க அத்தைமாரும் வருவாங்க. சித்தப்பாகிட்ட பேசறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாத்துருங்க.