2008 பாக்ஸ்டர் எஸ்: காசு கொடுக்கும் முன்

நண்பரே, சிங்கப்பூர்ல 2008-ல் பதிவான போர்ஷே பாக்ஸ்டர் எஸ் (கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார்), சிஓஇ (வண்டி வச்சிருக்கிறதுக்கான உரிமைச் சான்றிதழ்) 2028 வரை, 'வாங்கலாமா?'னு கேட்டிருக்கீங்க. வாங்கலாம், ஆனா மழை பெய்ற நாள்ல போய்ப் பாருங்க. நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, கீல் பக்கத்துல இருக்கிற தண்ணி வடியும் துளையில ஒரு குவளை தண்ணி ஊத்துங்க. வண்டிக்கு அடியில சொட்டணும். சொட்டலைன்னா இலையும் அழுக்கும் அடைச்சிருக்கு. தண்ணி உள்ளே இறங்கி, அங்க இருக்கிற மின்னணுப் பெட்டியை நனைச்சிடலாம். தரைவிரிப்பைக் கையால அழுத்திப் பாருங்க. நான் பார்த்த ஒரு வண்டியில வாசனைத் திரவியம் கமகமன்னு அடிச்சது, விரிப்பு மட்டும் ஈரம். திரும்பிப் பார்க்காம வந்துட்டேன்.

இந்த வருஷத்து எஞ்சின்ல ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள்ள சுத்துற இடைத்தண்டைத் தாங்குற பாகம்) பிரச்சினை வரலாம், 2009 மாடல்லேருந்து வந்ததுல அது கிடையாது. பேரிங் தேயுதான்னு தெரிஞ்சுக்க, பட்டறையில ஆயில் ஃபில்டரை வெட்டி, உலோகத் துகள் மின்னுதான்னு பார்க்கச் சொல்லுங்க.

இது சிஓஇ புதுப்பிச்ச வண்டி, அதனால பார்ஃப் தொகை (வண்டியைக் கழிக்கும்போது அரசு திருப்பித் தர்ற பணம்) கிடையாது, இவ்வளவு வயசான வண்டிக்குச் சாலை வரியும் 50% கூடுதல். விலை பேசும்போது மறந்துடாதீங்க.